தையில் ஊன்றிய அவரையும் மற்ற தவறுகளும்

திருப்பூர்ப் பக்கம் வீடு கட்டிக் குடிபோன வருசம், தை மாசத்தில் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் நாலு குழி எடுத்துப் பந்தல் அவரை ஊன்றினேன். மாசியில் கொடி பந்தலைப் பிடித்தது. சித்திரையில் பந்தலே தெரியாத அளவுக்கு இலை. பூ மட்டும் ஒன்றுகூட இல்லை. உரக்கடையில் போய்ச் சொன்னால் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார்கள். அதையும் வாங்கி அடித்தேன். இலை இன்னும் கொஞ்சம் பளபளத்தது, அவ்வளவுதான். ஆனி மாசம் தாராபுரத்திலிருந்து அம்மாவைப் பெற்ற அமுச்சி வந்தவர் பந்தலை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அவரெ பனிக்குத்தான் பூக்கும் கண்ணு. நீ என்னத்தெ ஊத்துனாலும் அது மார்கழியப் பாத்துட்டுத்தான் உக்காந்திருக்கும்.”

அமுச்சி சொன்னதில் கணக்கு இருக்கிறது. பந்தல் அவரை, பகல் சுருங்கி இரவு நீளும்போதுதான் பூவெடுக்கும் செடி. தையிலும் பகல் குட்டைதானே என்று கேட்கலாம். ஆனால் அப்போது செடி குழந்தை. அது வளர்ந்து பூக்கும் வயசுக்கு வரும்போது பகல் நீண்டுவிடுகிறது. அப்புறம் ஐப்பசி வரைக்கும் இலைதான். ஆடியில் ஊன்றினால் கொடி தேறுவதும் பனி இறங்குவதும் சரியாகச் சேர்ந்துகொள்ளும். வருசம் பூரா அவரைக்காய் வேண்டும் என்கிறவர்கள், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் ‘கோ’ என்ற பெயரில் வெளியிட்ட, பந்தல் வேண்டாத குத்து அவரை ரகங்களைக் கேட்டு வாங்க வேண்டும். அவற்றுக்குப் பகல் நீளம் ஒரு பொருட்டில்லை.

வீட்டுத் தோட்டத்தில் நான் செய்த தவறுகளையும் பக்கத்து வீடுகளில் பார்த்தவற்றையும் எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் இந்த அவரை கதைதான். சோம்பலால் கெட்டது குறைவு. வேறு ஊர்த் தோட்டத்தின் பக்குவத்தை நம் ஊர் மண்ணிலும் தண்ணியிலும் காற்றிலும் அப்படியே செய்து கெட்டதுதான் அதிகம்.

முதலில் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியில் புறப்படும் காற்று ஆவணி வரைக்கும் ஓயாது. உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலைகளை அத்தனை நெருக்கமாக நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. ஜூன் மாசம் யாரோ மாடியில் பாகல் பந்தல் போடும் வீடியோவைப் பார்த்துவிட்டு நாமும் போட்டால், ஆடியில் அந்தப் பந்தலைப் பக்கத்து வீட்டில் போய்த்தான் பொறுக்கணும். பசுமை வலை கட்டுகிறவர்கள் நாலு மூலையிலும் இழுத்துக் கட்டி, காற்று வரும் மேற்குப் பக்கம் கொஞ்சம் திறந்து விடுவது நல்லது. முழுக்க மூடினால் வலை பாய்மரமாகிவிடும்.

காற்றுக் காலத்தில் இன்னொரு ஏமாற்று வேலை நடக்கும். வானம் மூடி, குளுகுளுவென்று இருக்கும். வெயிலே இல்லையே என்று தண்ணீரைக் குறைப்போம். செடி மூன்று மணிக்குத் துவண்டு நிற்கும். கொடியில் போட்ட துணி அந்த மாசத்தில் எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்று பாருங்கள். தொட்டி மண்ணும் அதே வேகத்தில்தான் காய்கிறது. மண்ணில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவதுதான் எல்லா மாசத்துக்கும் பொருந்தும்.

தண்ணீர் என்றதும் போர்வெல் பேச்சு வந்துவிடும். குழாயில் சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், கொடுத்து வைத்தவர்கள். மற்றவர்கள் தொட்டியின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாக ஒரு கோடு பூத்திருக்கும். அதுதான் உங்கள் போர்த் தண்ணியின் உப்பு. தினமும் ஒரு சொம்பு, ஒரு சொம்பு என்று ஊற்றுவதுதான் இங்கே பெரிய தவறு. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மட்டும் தங்கும். ஊற்றினால் அடி ஓட்டை வழியாக ஒழுகும் வரைக்கும் ஊற்ற வேண்டும், அப்புறம் மேல்மண் காயும் வரைக்கும் விட்டுவிட வேண்டும். தரை அழுக்காகிறதே என்று தொட்டிக்குக் கீழே தட்டு வைத்தால் வடிந்த உப்பையே செடி திரும்பக் குடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிகளைத் திண்ணைக்குள் இழுத்து வைக்கிறவர்களும் உண்டு. கோவைக்கு வருசம் முழுக்கக் கிடைப்பதே 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான், அதில் ஏறத்தாழ பாதி இந்த இரண்டு மூன்று மாசத்தில் விழுகிறது. உப்பைக் கழுவ இதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது. அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நனைய விடுங்கள்.

இதோடு ஒட்டியது முட்டை ஓடு விவகாரம். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்பார்கள். அது உண்மை. உடனே முட்டை ஓட்டைப் பொடித்துப் போடு, சுண்ணாம்புத் தண்ணி ஊற்று என்று ஆரம்பித்துவிடுகிறோம். நம் மண்ணில் பல இடங்களில் தோண்டினால் சுண்ணாம்புக் கல்லே வருகிறது. போர்த் தண்ணியிலும் சுண்ணாம்பு. மண்ணில் அதற்குப் பஞ்சமில்லை. காய்க்குப் போய்ச் சேர்வதில்தான் தடை. இரண்டு நாள் காயப் போட்டு மூன்றாம் நாள் குளம் கட்டினால் அந்த ஓட்டம் அறுந்துபோகும். தண்ணீரை ஒரே சீராக விட்டு, தண்டைச் சுற்றிக் காய்ந்த இலையோ தென்னை மட்டைச் சிதைவோ மூடாக்காகப் போட்டாலே அடுத்த காய் நன்றாக வரும்.

சுண்ணாம்பு கூடின மண்ணில் செடிக்கு உண்மையில் கிடைக்காமல் போவது இரும்பு. மல்லிகை, செம்பருத்தி, ரோஜா, கறிவேப்பிலை எதுவானாலும் கொழுந்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புக் குறை. அடி இலை ஒரே சீராக மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறை, எரு போட வேண்டியது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கொழுந்து வெளுத்த செடிக்கு யூரியா போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர், அதில் நானும் ஒருத்தன். இரும்புக்கு மருந்து அன்னபேதி, அதாவது பெரஸ் சல்பேட். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளிக்க வேண்டும். மண்ணில் போட்டால் நம் சுண்ணாம்பு மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்குக் கிடைக்காது. அமுச்சி கறிவேப்பிலைக்குப் புளிச்ச மோர் ஊற்றுவதும் இந்த வழக்கோடு சேர்ந்ததுதான். வேர்ப்பக்கம் கொஞ்சம் புளிப்பு ஏறினால் அந்த மண்ணின் கெடுபிடி தளரும்.

தொட்டி மண் கலக்கிறதில் பொள்ளாச்சிக்காரர்களுக்கு ஒரு வசதி, ஒரு தொல்லை. தேங்காய் நார்க்கழிவு அங்கே மலையாகக் கிடக்கிறது. மட்டை உரித்த கழிவை அப்படியே மூட்டை கட்டி வந்து பையில் நிரப்பினால், நட்ட நாத்து நட்டபடியே நிற்கும், ஒரு மாசத்துக்கு வளராது. பச்சை நார்க்கழிவில் உப்பு இருக்கிறது. அது மக்குவதற்கு மண்ணின் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். தண்ணீரில் ஊறப்போட்டு இரண்டு மூன்று முறை பிழிந்து, மக்கிய எருவோடும் செம்மண்ணோடும் சம பங்காகக் கலந்தால் தொல்லை இல்லை. மாடியில் வெறும் மண்ணாக நிரப்புகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளணும். 20 லிட்டர் பக்கெட் நிறைய ஈர மண் 30 கிலோவைத் தாண்டும். அப்படி ஐம்பது பையை மாடி நடுவில் அடுக்காமல் சுவரும் உத்தரமும் வரும் ஓரமாக வைக்க வேண்டும். கரிசல் மண்ணைத் தொட்டிக்குள் கொண்டுவரவே வேண்டாம். நனைந்தால் களி, காய்ந்தால் கல்.

எரு வாங்கும்போது கையில் எடுத்து மோந்து பார்க்கக் கூச்சப்படக் கூடாது. சாணி வாசம் வந்தால் அது இன்னும் எரு ஆகவில்லை. மக்காத சாணி தொட்டிக்குள் சூடேறி வேரை வேகவைக்கும், கரையானையும் கூப்பிடும். தென்னந்தோப்புப் பக்கத்துக் குப்பையில் விரல் பருமனுக்கு வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கும். காண்டாமிருக வண்டின் புழு அதில்தான் வளர்கிறது. வேர் தின்கிற வேறு வெள்ளைப் புழுவும் கூடவே வரலாம். பிரித்தறிய உட்கார்ந்திருக்க வேண்டாம். குப்பையை வெயிலில் பரப்பி, பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடலாம். கடலைப் புண்ணாக்கும் அப்படித்தான், கட்டியாகத் தண்டுக்குப் பக்கத்தில் வைத்தால் எறும்பும் பூஞ்சாணமும்தான் மிச்சம். ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீரில் கலக்கி ஊற்றணும்.

சாணி, கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்கவைக்கும் பஞ்சகவ்யா நம் ஊர்ச் சரக்கு. கொடுமுடி டாக்டர் நடராஜன் அதைப் பயிருக்கு ஏற்றபடி பக்குவப்படுத்திப் பரப்பினார். அதன் அளவு நூற்றுக்கு மூன்று, அதாவது லிட்டருக்கு 30 மில்லி. “நல்லது தானுங்களே, கொஞ்சம் தூக்கலா ஊத்துனா என்ன?” என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது, உப்பும் நல்லதுதான், குழம்பில் கைநிறைய அள்ளிப் போடுவீர்களா என்பதுதான்.

பூச்சி விசயத்தில் அவசரம்தான் எதிரி. 2008-ல் கோவையில்தான் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவிலேயே முதலில் தலைகாட்டியது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளைப் பஞ்சு அப்பினது போலாயின. அடித்த மருந்துக்கெல்லாம் அது மசியவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவி அதை அடக்கியது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிட்டு, உள்ளிருந்து தின்று வெளியே வரும் குளவி அது. இன்றும் பப்பாளி இலையைத் திருப்பிப் பார்த்து, வெள்ளையைக் கண்டதும் கையில் கிடைத்ததை அடிக்கிறோம். முதலில் சாவது அந்தக் குளவிதான். பொறிவண்டின் புழுவையும் இப்படித்தான் கொல்கிறோம். வண்டாக இருந்தால் அழகு என்று விட்டுவிடுவோம். புழுப் பருவத்தில் அது கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, சின்ன முதலை மாதிரி, இலைச்சாறு உறிஞ்சும் அசுவினிக் கூட்டத்துக்கு நடுவில் ஊர்ந்துகொண்டிருக்கும். பார்க்கக் கோரம். ஆனால் அது மேய்வது அசுவினியை. நசுக்காதீர்கள்.

மிளகாய்ச் செடி சுருண்டால் எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பாருங்கள். இலை மேல்நோக்கித் தோணி போல மடங்கினால் இலைப்பேன். கீழ்நோக்கி, கவிழ்த்த கரண்டி போலச் சுருண்டு காம்பு நீண்டால் சிலந்தி. வலை பின்னும் சிலந்தி இல்லை, இலைச்சாறு உறிஞ்சும் ‘மைட்’. இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, பொழுது சாய அடிக்கணும். சிலந்திக்குக் கேட்பது நனையும் கந்தகம். ஒன்றை அடித்து இரண்டு வாரம் ஆகாமல் மற்றதை அடித்தால் இலை கருகிவிடும்.

பீர்க்கன் காய்ப்பிடிக்கவில்லை என்று புலம்புகிற வீட்டில், காலை பத்து மணிக்குப் பிரஷை வைத்துப் பூவைத் தடவிக்கொண்டிருப்பார்கள். பீர்க்கனும் சுரையும் புடலையும் பொழுது சாய்ந்துதான் பூ விரிக்கும். காலையில் விரிவது பூசணியும் பாகலும். விரியும் நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, அடியில் குட்டிக் காயோடு இருக்கும் பெண் பூவில் ஒற்றினால் போதும். கொடியில் முதலில் வருவதெல்லாம் ஆண் பூவாகத்தான் இருக்கும், அதற்காகச் செடியைப் பிடுங்கிவிட வேண்டாம்.

கொத்தமல்லியை முழு விதையாகப் போடாமல், தரையில் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள். சித்திரை வெயிலில் போட்டால் இலை விடும் முன்னே பூத்துவிடும், நிழல் இருந்தால் பிழைக்கும். வெண்டையைப் பிடுங்கி நடாதீர்கள், ஆணிவேர் அறுந்தால் தேறாது, நேராக ஊன்றணும். கீரை விதையை எறும்பு தூக்குகிறதா, பாத்தியைச் சுற்றி நொய் தூவிவிடுங்கள். அது அதிலேயே மும்முரமாகிவிடும்.

மல்லிகையை வெட்டத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை. நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தமாகக் கவாத்து செய்ய வேண்டும். சத்தியமங்கலம் பக்கத்து மல்லிகைக் காட்டில் அந்த மாசம் போனால் குச்சிகள்தான் நிற்கும், செடி செத்துவிட்டதோ என்று நினைப்பீர்கள். பங்குனியில் போய்ப் பாருங்கள். வெட்டாத செடி உயரமாகப் போகும், உள்கிளை காய்ந்து, நுனியில் மட்டும் நாலு பூ வைக்கும்.

விதைக்கு விடுவதில் ஒரு சங்கடம் உண்டு. கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகத்தின் விதையை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறையில் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி வரும். நாட்டு ரகமாக இருந்தால்தான் அந்த வேலை. அதிலும் எல்லாம் பறித்துத் தின்றபிறகு கடைசியில் மிஞ்சிய சொத்தைக் காயை விதைக்கு விடுகிறோம். அமுச்சி இரண்டாவது, மூன்றாவது பறிப்பிலேயே நல்ல காயாகப் பார்த்து, பழைய சேலைக் கிழிசலில் ஒரு துண்டைக் காம்பில் கட்டிவிடுவார். சிவப்புத் துணி தெரிந்தால் வீட்டில் யாரும் அதில் கைவைக்கக் கூடாது. இந்த வருசம் எங்கள் வெண்டையில் இரண்டு சிவப்புத் துணி தொங்குகிறது.