பழைய டிஸ்க்கைச் செருகியதும் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்டால்

பரணில் கிடந்த ஹார்டு டிஸ்க்கையோ ஃப்ளாப்பியையோ செருகியதும் விண்டோஸ் ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும். தயவுசெய்து சரி என்று அழுத்திவிடாதீர்கள். பெரும்பாலும் அந்த டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைத்திருக்கும் முறை விண்டோஸுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். அது மேக்கின் எச்எஃப்எஸ் முறையோ லினக்ஸின் இஎக்ஸ்டி3 முறையோ ஆக இருந்தால், உள்ளே குழந்தையின் முதல் படம்கூடப் பத்திரமாக இருக்கலாம்.

புது கம்ப்யூட்டர் எல்லாப் பழையதையும் படிக்கும் என்று நம்புவதும் தப்பு. ஆப்பிள் 2009-இல் பழைய எச்எஃப்எஸ்ஸில் எழுதுவதை நிறுத்தியது, 2019-இல் மேக்கின் கேட்டலினா பதிப்பு வந்தபோது படிப்பதையும் நிறுத்திவிட்டது (அதற்கு அடுத்து வந்த எச்எஃப்எஸ் பிளஸ்ஸை இன்னும் படிக்கும்). லினக்ஸும் தன் மையமான கர்னலின் 6.13 பதிப்பில் ரெய்சர்எஃப்எஸ் என்ற பழைய முறையை நீக்கிவிட்டது, அதனால் பழைய லினக்ஸ் ஒன்றை பென் டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளாப்பியில் முதலில், அதில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் பூட்டைப் பாருங்கள். 3.5 அங்குலத்தில் ஓட்டை திறந்திருந்தால் பூட்டு, 5.25-இல் நேர்மாறாக, ஓரத்து வெட்டை டேப் ஒட்டி மூட வேண்டும். யூஎஸ்பி டிரைவ் படிக்கவில்லை என்பதற்காகக் குப்பையில் போடாதீர்கள்: மேக்கின் 400, 800 கேபி ஃப்ளாப்பிகளை எழுதிய டிரைவ், தடத்துக்குத் தடம் சுழலும் வேகத்தை மாற்றும், யூஎஸ்பி டிரைவால் அது முடியாது. கிரீஸ்வீசல் என்ற சின்ன போர்டை சாதாரண பிசி ஃப்ளாப்பி டிரைவோடு இணைத்தால் படிக்கலாம்.

எல்லாவற்றையும்விட வருத்தமான தவறு, அசல் டிஸ்க்கிலேயே செக்டிஸ்க் (விண்டோஸ்), எஃப்எஸ்சிகே (லினக்ஸ்) போன்ற பழுது பார்க்கும் நிரல்களை ஓட்டிச் ‘சரிசெய்ய’ப் பார்ப்பது. இவை எழுதிச் சரிசெய்பவை. சாகும் நிலையில் உள்ள டிஸ்க்குக்கு அந்த ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடலாம். முதலில் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் நிரலை வைத்து முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு கோப்பாக நகல் எடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்கு அப்புறம்தான் திரும்பி வரும். எதுவரை படித்தது என்று குறித்து வைக்கும் மேப் கோப்பையும் கொடுத்திருந்தால் பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இன்னொன்று, இஎக்ஸ்டி3-ஐப் ‘படிக்க மட்டும்’ என்று மவுன்ட் செய்தாலும் (திறந்தாலும்), சரியாக மூடப்படாத டிஸ்க்காக இருந்தால் லினக்ஸ் ஜர்னலை (முடியாமல் நின்ற மாற்றங்களின் குறிப்பேட்டை) ஓட்டி டிஸ்க்கில் எழுதிவிடும், அதைத் தடுக்க ‘நோலோடு’ என்ற விருப்பம் இருக்கிறது. பழுது பார்ப்பதெல்லாம் நகலின் நகலில் செய்யுங்கள்.

கோப்பு கிடைத்தும் உள்ளே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தால் கெட்டுப்போனது என்று அழித்துவிடாதீர்கள். அது யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்த தமிழாக இருக்கலாம், யூனிகோடு மாற்றியில் ஒட்டிப் பாருங்கள்.