கட்டி முடிக்கப்படாத ஸ்பாடைனா விரைவுச்சாலையின் தடத்தில் நடப்பது எப்படி

ரொறன்ரோவின் வடபுறத்தில் 401 நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து நகர மையத்தை நோக்கி வரவேண்டியிருந்த ஸ்பாடைனா விரைவுச்சாலை, பாதி வழியிலேயே நின்றுபோயிற்று. அது வந்திருக்கக்கூடிய வழியை ஒரு பிற்பகலில் நடந்தே பார்த்துவிடலாம். இலையுதிர்காலத்தின் பிற்பகுதியில் செல்வது நல்லது. மரங்கள் இலையற்று நிற்கையில் பள்ளத்தாக்கின் அகலம் தெளிவாகத் தெரியும்.

முதலில் சுரங்க ரயில் வரைபடத்தை எடுத்து மஞ்சள் கோட்டைப் பாருங்கள். சாலையும் ரயில் பாதையும் சேர்த்தே திட்டமிடப்பட்டவை. மக்களின் எதிர்ப்புக்குப் பின் 1971 ஜூன் 3 அன்று ஒன்ராறியோ முதல்வர் பில் டேவிஸ் சாலையை நிறுத்தினார், ரயில் பாதை மட்டும் தொடர்ந்து கட்டப்பட்டு 1978இல் திறக்கப்பட்டது. ஆகவே வில்சன் நிலையத்துக்கும் ஸ்பாடைனா நிலையத்துக்கும் இடையிலான கோடுதான் உங்களுக்குக் கிடைக்கும் சிறந்த வழிகாட்டி. வில்சனில் ரயில் ஏறினால், இன்று அலன் வீதி எனப்படும் கட்டப்பட்ட பகுதி இருபுறமும் கூடவே வருவதைக் காணலாம்.

எக்ளின்டன் வீதியில் இறங்கி, அங்கே நேரம் எடுத்து நில்லுங்கள். விரைவுச்சாலை ஒன்று சாதாரணப் போக்குவரத்து விளக்குகளில் வந்து முடிகிறது. நெரிசல் நேரங்களில் அதன் சுமையை அக்கம்பக்கத்தார் இன்றும் தாங்குகிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது. சாலை மீண்டும் தெற்கே நீளாமல் தடுப்பதற்காக, ஏறத்தாழ மூன்றடி அகலமுள்ள நிலத்துண்டு ஒன்றை 1985இல் மாகாண அரசு நகரசபையின் கையில் கொடுத்தது. இந்தத் தடம் முழுவதிலும் என்னை மிகவும் வியக்க வைப்பது அந்த மூன்றடிதான்.

அங்கிருந்து செடார்வேல் பள்ளத்தாக்குக்குள் இறங்கித் தென்கிழக்காக நடவுங்கள். ரயில் உங்கள் காலடியில் ஓடுகிறது. வாகனங்கள் ஓடியிருக்க வேண்டிய இடத்தில் மரங்களும் நடைபாதையும் இருக்கின்றன. இருபக்கச் சரிவுகளையும் பார்த்து, பல தடங்கள் கொண்ட சாலை இதில் எவ்வளவை விழுங்கியிருக்கும் என்று கணித்துப் பாருங்கள். மழைக்குப் பின் சேறு இருக்கும்.

சென் கிளேயர் வீதியைக் கடந்து நோர்டைமர் பள்ளத்தாக்கின் வழியே தெற்கே சென்று, காசா லோமா மாளிகைக்கு அருகிலுள்ள படிக்கட்டை அடையுங்கள். அதன் உச்சியிலிருந்து ஸ்பாடைனா வீதி நேர்கோடாகத் தெற்கே செல்வது தெரியும். கீழே விரியும் அனெக்ஸ் குடியிருப்பும் இச்சாலையால் சிதைந்திருக்கும். 1968இல் நியூயோர்க்கிலிருந்து இங்கு குடிவந்த நகரியல் எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ், எதிர்ப்பு இயக்கத்தில் முன்னின்றவர்களுள் ஒருவர். அவர்கள் காத்தது என்ன என்பதை அறிய, பெருவீதியை விட்டு அனெக்ஸின் பக்கத் தெருக்கள் ஓரிரண்டில் நடந்து பாருங்கள்.

களைத்துவிட்டால் டூபோன்ட் நிலையத்திலேயே ரயிலேறலாம்; இல்லையேல் புளோர் வீதி வரை நடந்து ஸ்பாடைனா நிலையத்தில் முடித்துக்கொள்ளலாம்.