ஆயில் குடிக்கும் மாருதி 800: வீட்டில் இன்ஜின் வேலை பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாருதி 800 காரின் 796 சிசி இன்ஜினில் மூன்றே சிலிண்டர்கள்; ஒவ்வொன்றின் உள்விட்டமும் 68.5 மில்லிமீட்டர். இருவர் சேர்ந்தால் தூக்கிவிடக்கூடிய எடைதான். பிரிப்பது எளிது என்பதாலேயே பலர் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள்: எதையும் அளந்து பார்ப்பதற்கு முன்பே ஸ்பேனரைக் கையில் எடுத்துவிடுகிறார்கள்.

ஆயில் எரிவதைக் காட்டும் நீலப் புகையைக் கண்டவுடன், பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையமான ரிங் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் புகைந்து பின்னர் தெளிந்துவிட்டாலோ, நீண்ட இறக்கத்தில் கியரிலேயே இறங்கி மறுபடி ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது புகைந்தாலோ, சந்தேகம் முதலில் வால்வுத் தண்டு வழியே ஆயில் கசியாமல் தடுக்கும் சீல்களின் மேலும், அந்தத் தண்டு ஏறி இறங்கும் குழல்களான கைடுகளின் மேலும் விழ வேண்டும். மேட்டில் ஏறும்போது விடாமல் புகைந்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து காற்று பலமாக அடித்தால், ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒரு முறையும், சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுமுறையும் அளந்து பாருங்கள். இரண்டாம் அளவு நன்றாக உயர்ந்தால் கசிவு ரிங் பக்கம். உயராவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட் பக்கம். ஆனால் இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. மேல் இரண்டு ரிங்குகளும் நல்ல நிலையில் இருக்க, சுவரிலுள்ள ஆயிலை வழிக்கும் அடி ரிங்கான ஆயில் ரிங் மட்டும் கரி பிடித்து இறுகிக் கிடக்கும் இன்ஜின், கேஜில் நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டே ஆயிலைக் குடித்துக்கொண்டிருக்கும்.

பிரிக்கும்போது, பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் மூடிகளையும், கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங் மூடிகளையும் எண் குறிக்காமல் ஒரே தட்டில் போட்டுவிடுவது திருத்த முடியாத தவறு. ஒவ்வொரு மூடியும் அதன் இடத்திலேயே, அதன் திசையிலேயே பொருத்திக் கடையப்பட்டது. மாற்றிப் போட்டால் துளை வட்டமாக இருக்காது.

நான் முதலில் பிரித்த இன்ஜினில் சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் பளபளத்ததைப் பார்த்து, தேய்மானமே இல்லை என்று நினைத்துப் புது ரிங் மட்டும் போட்டு மூடினேன். சில வாரங்களில் புகை திரும்பி வந்தது. அந்தப் பளபளப்பே தேய்மானத்தின் அடையாளம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சிலிண்டர் மேல்பகுதியில் அதிகமாகவும் கீழே குறைவாகவும் தேய்வதால் புனல் வடிவத்தை அடைகிறது. பக்கவாட்டு அழுத்தத்தால் நீள்வட்டமாகவும் ஆகிறது. வட்டமான புது ரிங் அத்தகைய சுவரோடு ஒட்டி உட்காராது. எனவே துளையின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜ் கொண்டு மேல், நடு, கீழ் ஆகிய மூன்று மட்டங்களில், ஒன்றுக்கொன்று குறுக்கான இரு திசைகளில் அளக்க வேண்டும். வேறுபாடு 0.1 மில்லிமீட்டரை எட்டினால் ரிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு. லேத் பட்டறையில் ரீபோர் செய்து, அதாவது துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைந்துவிட வேண்டும். அப்போதும் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் கூடுதல் அளவுள்ள பிஸ்டன்களை முதலில் வாங்கிக் கொடுத்து, ஒவ்வொன்றையும் அளந்தே அதற்குரிய சிலிண்டரைக் கடையச் சொல்லுங்கள். துளையைக் கடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடுவது, தைத்த சட்டைக்கு ஆள் தேடுவதைப் போன்றது.

பட்டறையிலிருந்து வந்த பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் அமைந்த இரும்புப் பகுதியை, மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு அப்படியே பொருத்துவதைத்தான் நான் மிக மோசமான தவறு என்பேன். கடைந்த துளையைத் தேய்த்து முடிக்கும் ஹோனிங் கல் சுவரில் விட்டுச்செல்லும் குறுக்குக் கோடுகளில் ஆயில் தங்க வேண்டும்; ஆனால் அதே கோடுகளில் கல்லின் துகளும் தங்கியிருக்கும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் பிசுக்கைக் கரைக்குமே ஒழிய, துகளைத் தூக்கி வெளியேற்றாது. வெந்நீரும் சோப்புத்தூளும் கெட்டியான பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் சிறிதும் ஏறாத நிலை வரும் வரை மறுபடி மறுபடி கழுவ வேண்டும். கழுவி உலர்ந்த இரும்பில் நிமிடங்களில் துரு படரும் என்பதால், உடனே ஆயில் பூசிவிடுவது அவசியம்.

பெட்டியிலிருந்து எடுத்த ரிங்கின் இரு முனைகளுக்கு இடையிலான இடைவெளி சரியாகத்தான் இருக்கும் என்று நம்ப வேண்டாம். ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் நேராகத் தள்ளி, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது என்றாலும், விட்டத்தில் 25 மில்லிமீட்டருக்கு 0.1 மில்லிமீட்டர் என்ற பொதுக்கணக்கின்படி இந்த இன்ஜினுக்கு ஏறத்தாழ 0.27 மில்லிமீட்டர் வரும். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டு ரிங் உடையும். புள்ளியோ எழுத்தோ பொறித்த பக்கம் மேல் நோக்கியே இருக்க வேண்டும். சுவரிலிருந்து ஆயிலைக் கீழே வழிப்பதற்காகச் சற்றுச் சரிவாகச் செய்யப்படும் இரண்டாம் ரிங்கைத் தலைகீழாகப் போட்டால், அது ஆயிலை மேலே வழித்து எரிய அனுப்பிவிடும். ஆயில் ரிங்கின் நடுவிலுள்ள சுருள் பட்டையின் முனைகள் ஒன்றையொன்று தொட்டு நிற்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. பழைய பிஸ்டனையே பயன்படுத்துவதாக இருந்தால், ஆயில் ரிங் பள்ளத்தின் அடியிலுள்ள சிறு துளைகளில் அடைந்த கரியை நீக்காமல் புது ரிங் போடுவதில் பொருளில்லை.

சிலிண்டர்களின் மேல் அமர்ந்து வால்வுகளைத் தாங்கும் ஹெட்டைப் பொறுத்தவரை ஒரே எச்சரிக்கை: கைடு தேய்ந்து வால்வு ஆடினால், புது சீல் அதிக நாள் தாங்காது.

எல்லாம் முடிந்த பின் இன்ஜினை முதன்முறையாக ஸ்டார்ட் செய்யும்போது, பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுழற்றிய பிறகே பிளக்குகளை மாட்டி இன்ஜினை ஓட விட வேண்டும். புது இன்ஜினுக்கு ஓய்வு கொடுப்பதாக எண்ணி மணிக்கணக்கில் ஐட்லிங்கில் விடுவது தவறு. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தமே ரிங்கைச் சுவரோடு அழுத்திப் பதிய வைக்கிறது, ஐட்லிங்கில் அந்த அழுத்தம் கிடைக்காது. வெளியே எடுத்துச் சென்று, உச்ச வேகத்தைத் தொடாமல், மிதமாக ஏற்றியும் ஆக்சிலரேட்டரை விட்டும் மாறி மாறி ஓட்டுங்கள். முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, வடித்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பாருங்கள். மெல்லிய பளபளப்பு இயல்பானது. விரலில் நெருடும் துகள் இருந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றிப் பேரிங்குகளைப் பார்த்துவிட வேண்டும்.