கறிவேப்பிலைச் செடியில் உட்கார்ந்த வேஷக்காரி

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு பட்டாம்பூச்சி வந்தது. கறுப்பு இறக்கை, பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பிறைகள். மேலிருந்து ஒரே படம் எடுத்து, உயிரினப் படங்களைப் போட்டுப் பெயர் கண்டுபிடிக்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தின் செயலியில் போட்டேன். அது காட்டிய முதல் பரிந்துரை காமன் ரோஸ் என்ற பட்டாம்பூச்சி. சரி என்று அழுத்திவிட்டேன். மறுநாள் ஒருவர் திருத்தினார்: “உடம்பைப் பாருங்கள், கறுப்பு. ரோஸுக்குச் சிவப்பு. இது காமன் மார்மன் பெண்.”

ரோஸின் புழு ஆடுதின்னாப்பாளையைத் தின்று நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். அதனால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. நஞ்சில்லாத மார்மன் பெண், ரோஸ் போல வேஷம் போட்டுத் தப்பிக்கிறது. அதன் புழு தின்பதோ கறிவேப்பிலை! துப்பு கண்ணெதிரே இருந்தும் செயலியை நம்பினேன். இப்போதெல்லாம் பக்கவாட்டில் ஒன்று, உட்கார்ந்த செடியோடு ஒன்று எடுத்துவிடுகிறேன்.

ஐநேச்சுரலிஸ்ட்டில் ஒரு பதிவில் ‘ஆய்வுத் தரம்’ என்று பார்த்ததும் நிபுணர் முத்திரை என்று நினைக்க வேண்டாம். தேதி, இடம், படம் இருந்து இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னாலே அது கிடைத்துவிடும். இரண்டு பேரும் சேர்ந்து தவறலாம். இன்னொரு தவறு, பூங்காவில் நட்ட மரத்தை ‘வளர்க்கப்பட்டது’ என்று குறிக்காமல் விடுவது. வரைபடத்தில் அது காட்டு மரமாகிவிடும்.

வரைபடம் என்றதும் ஜிபிஐஎஃப், அதாவது உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டி வைக்கும் தளம். அதில் புள்ளி இல்லாத இடத்தில் அந்த உயிரினமே இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். பல நேரம் அங்கே யாரும் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இருக்கும் புள்ளியும் சரியான இடத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. வேட்டைக்குப் பயந்து அரிய இனங்களின் இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் வேண்டுமென்றே சுமார் 20 கிலோமீட்டர் அகலக் கட்டத்துக்குள் மாற்றிக் காட்டும்.

அறிவியல் பெயரில் சறுக்குவதும் உண்டு. கருவேலத்தை ‘அகேசியா நிலோட்டிகா’ என்று மட்டும் தேடினால் சில தளங்களில் பாதிதான் சிக்கும். 2005 வியன்னா தாவரவியல் மாநாட்டுக்குப் பின் அகேசியா என்ற பெயர் ஆஸ்திரேலிய மரங்களோடு போய்விட்டது. நம்முடையது இப்போது வச்செல்லியா. சீமைக் கருவேலத்துக்கும் இதற்கும் தமிழில்தான் உறவு, பேரினமே வேறு.

எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) செம்பட்டியலில் ‘மதிப்பிடப்படாதது’ என்றால் ஆபத்தில்லை என்று பொருளல்ல. இன்னும் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. சிட்டுக்குருவி அங்கே ‘குறைந்த கவலை’ வகைதான். அது உலகம் முழுவதற்குமான கணக்கு. உங்கள் தெருவில் குருவி குறைந்ததா என்பதை அந்தப் பக்கத்தில் தேடாதீர்கள்.