பைக் கார்ப்பரேட்டரை வீட்டுலயே கழட்டி ட்யூன் பண்றது எப்படி: முதல்ல அந்த சின்ன ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க

ரெண்டு மாசமா என் பைக்கோட ஒரே போராட்டம். காலையில சோக் போட்டா ஸ்டார்ட் ஆயிடும், ஆனா சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகும், கொஞ்சம் ரேஸ் குடுத்து விட்டா ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை விட்டதும் இஞ்சின் தானா ஓடற வேகம்) உடனே இறங்காம மேலயே நின்னுட்டு மெதுவா இறங்கும். ரெண்டு தடவை சர்வீஸுக்கு விட்டேன், ரெண்டு தடவையும் ஸ்லோ ஸ்க்ரூவை (ஐடிலிங் வேகத்தை மட்டும் ஏத்தி இறக்கற ஸ்க்ரூ) ஏத்திவிட்டு குடுத்துட்டாங்க, நாலு நாள்ல பழைய கதைதான். அப்புறம் நானே கழட்டி உக்காந்தேன், மூணாவது முயற்சியில சரியாச்சு. முதல் ரெண்டு தடவை எங்க தப்பு பண்ணேன்ங்கறதுதான் இந்தப் பதிவுல முக்கியம், மத்தது எல்லாம் வேகமா சொல்லிட்டுப் போயிடறேன்.

கழட்டறதுக்கு முன்னாடி

கார்ப்பரேட்டர்தான் காரணம்னு உறுதி பண்ணிக்கோங்க. ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கா, ஸ்பார்க் பிளக் சரியா இருக்கா, வால்வ் க்ளியரன்ஸ் சரியா இருக்கா (இஞ்சின் முழுசா ஆறின பிறகுதான் பாக்கணும்), இதெல்லாம் பாத்துட்டு வாங்க. அப்புறம் கார்ப்பரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவுல இருக்கற ரப்பரை கையால வளைச்சுப் பாருங்க. அதுல மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலும் அந்த வழியா காத்து உள்ள போகும், நீங்க எந்த ஸ்க்ரூவை எவ்ளோ திருப்பினாலும் ஐடிலிங் நிக்காது. சந்தேகமா இருந்தா இஞ்சின் ஓடும்போது அந்த ரப்பரைச் சுத்தி லேசா தண்ணி ஸ்ப்ரே பண்ணுங்க, சத்தம் மாறுச்சுன்னா லீக் அங்கதான். சிலர் க்ளீனர் ஸ்ப்ரே அடிச்சுப் பாப்பாங்க, சூடான இஞ்சின் மேல அது தீப்பிடிக்கற சமாச்சாரம், எனக்கு அதுல உடன்பாடு இல்ல.

டூல்ஸ்

ஒரே ஒரு டூல்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, அது ஸ்க்ரூ டிரைவர். ஜப்பான் டிசைன் கார்ப்பரேட்டர்ல வர்ற ப்ளஸ் ஸ்க்ரூ, நம்ம வீட்டுல கிடக்கற சாதாரண ப்ளஸ் மாதிரியே இருக்கும், ஆனா அது ஜே.ஐ.எஸ். (ஜப்பான் தர அளவு) வகை. சாதாரண ப்ளஸ் டிரைவர் அதுல முழுசா உக்காராது, கொஞ்சம் அழுத்தம் குடுத்ததும் மேல எழும்பி வழுக்கும், ரெண்டே திருப்புல ஸ்க்ரூ தலை நைஞ்சு போயிடும். ஜே.ஐ.எஸ். டிரைவர் ரெண்டாம் நம்பர் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க. ஜெட் (பெட்ரோலை அளவா விடற, நடுவுல சின்ன ஓட்டை இருக்கற திருகு) கழட்ட, அதோட தலையில இருக்கற வெட்டுல ஆடாம அசையாம உக்கார்ற அளவு மைனஸ் டிரைவர் வேணும், ஏன்னா ஜெட் பித்தளை, அழுத்தினா வெட்டு உடைஞ்சுடும். கண்ணுக்கு கண்ணாடி கட்டாயம் போடுங்க. ஒரு துளைக்குள்ள ஸ்ப்ரே அடிச்சா அது எங்கிருந்து பீச்சி வரும்னு சொல்லவே முடியாது.

கழட்டறது

காத்தோட்டமான இடம், பக்கத்துல நெருப்பு, ஸ்விட்ச், சிகரெட் எதுவும் கூடாது. பெட்ரோல் டேப்பை மூடிட்டு, அடியில இருக்கற ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி கிண்ணத்துல இருக்கற பெட்ரோலை இறக்கிடுங்க. ஒவ்வொரு டியூப்பும் எங்க போகுதுன்னு போட்டோ எடுத்துட்டு கழட்டுங்க. ஒரு வெள்ளைத் துணி விரிச்சு அதுமேல வச்சு பிரிங்க, கீழ விழற சின்ன சாமான் அப்பதான் கண்ணுல படும்.

கிண்ணத்தைத் திறந்ததும் ப்ளோட் (பெட்ரோல்ல மிதந்து மட்டத்தைக் காக்கற மிதவை) தெரியும். அதோட பின்னை தட்டாதீங்க, மெதுவா தள்ளுங்க, சிலதுல அது ஒரு பக்கமாத்தான் வரும், அடிச்சா பிடிச்சிருக்கற தூண் உடைஞ்சு மொத்த பாடியும் வேஸ்ட். ப்ளோட்டைத் தூக்கும்போது கூடவே ஒரு சின்ன ஊசி வரும், அதோட ரப்பர் முனையில வட்டமா தேய்மானம் தெரிஞ்சா மாத்திடுங்க. நடுவுல பெருசா இருக்கறது மெயின் ஜெட், பக்கத்துல குழிக்குள்ள ஒளிஞ்சிருக்கறது பைலட் ஜெட். ஐடிலிங் பிரச்சனைக்கு பத்துல எட்டு தடவை அந்த பைலட் ஜெட்தான் காரணமா இருக்கும்ங்கறது என் அனுபவம்.

பைலட் ஜெட்டைக் கழட்டி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. அந்த ஓட்டை பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கூட இருக்காது, 0.4 மி.மீ. பக்கம்தான். சுத்தமா இருந்தா ஊசி குத்தின மாதிரி வட்டமான ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். என்னோடதுல பாதி நிலா மாதிரி தெரிஞ்சுது, ஓரத்துல மஞ்சளா பிசின் ஒட்டியிருந்துது. ரொம்ப நாள் நிறுத்தி வச்ச வண்டியில பெட்ரோல் ஆவியாகி மிச்சம் நிக்கறதுதான் அந்தப் பிசின். இதை இரும்புக் கம்பி, குண்டூசி விட்டுக் குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிட்டா மிக்ஸ்சர் (பெட்ரோலும் காத்தும் சேர்ற கலவை) கணக்கே போச்சு. கார்ப் க்ளீனர்ல அரை மணி நேரம் ஊற வச்சு, காத்து அடிச்சா போயிடும். அடம் பிடிச்சா வயர் உள்ள இருக்கற செம்பு இழை ஒண்ணே ஒண்ணு விட்டு மெதுவா. க்ளீனர் அடிக்கறதுக்கு முன்னாடி ஓ ரிங், டயாஃப்ரம் (மெல்லிசான ரப்பர் சவ்வு) எல்லா ரப்பரையும் எடுத்துடுங்க, ஊதிப்போயிடும்.

இப்ப அந்த ஸ்க்ரூ

இங்கதான் நான் ரெண்டு தடவை தோத்தேன். ஐடிலிங் மிக்ஸ்சரை அட்ஜஸ்ட் பண்ண ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், ஸ்லோ ஸ்க்ரூ வேற, இது வேற. எல்லாரும் இதை ஏர் ஸ்க்ரூன்னுதான் சொல்றாங்க, நானும் அப்படியே நம்பி "வெளிய திருப்பினா காத்து அதிகம், அப்ப பெட்ரோல் கம்மி"ன்னு நினைச்சு, பெட்ரோலைக் கூட்ட உள்பக்கமாவே திருப்பிட்டு இருந்தேன். ஆனா என் வண்டியில அது ஏர் ஸ்க்ரூவே இல்ல.

கார்ப்பரேட்டரோட வாயைப் பாருங்க. அந்த ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா அது நிஜமாவே ஏர் ஸ்க்ரூ, காத்து வர்ற வழியைத்தான் திறந்து மூடுது, வெளிய திருப்பினா மிக்ஸ்சர் லீன் ஆகும், அதாவது பெட்ரோல் கம்மியாகும். இஞ்சின் பக்கம் இருந்தா அது பைலட் ஜெட் வழியா வந்த பெட்ரோல் கலவை வெளிய போற வாசலைத் திறந்து மூடுது, அதனால வெளிய திருப்பினா ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடும். ரெண்டும் நேர் எதிர். என்னோடது இஞ்சின் பக்கம், லீன் ஆகி ஆஃப் ஆகற வண்டியை நான் இன்னும் லீன் பண்ணிட்டே இருந்திருக்கேன்.

கழட்டறதுக்கு முன்னாடி உள்பக்கமா மெதுவா திருப்பி, எத்தனை சுத்துல முட்டுதுன்னு எண்ணி எழுதி வச்சுக்கோங்க. முட்டினதும் நிறுத்தணும், இறுக்கினா அந்த ஊசி முனை உடைஞ்சு துளைக்குள்ளயே மாட்டிக்கும். கழட்டும்போது ஸ்க்ரூ, அதுக்கப்புறம் ஸ்ப்ரிங், வாஷர், கடைசியா கடுகு மாதிரி ஒரு ஓ ரிங், இந்த வரிசையில வரணும். ஓ ரிங் வரலைன்னா அது துளைக்கு அடியிலயே ஒட்டியிருக்கு, தேடாம க்ளீனர் அடிக்காதீங்க.

மாட்டின பிறகு, குறிச்சு வச்ச சுத்து இல்லைன்னா ஒன்றரைல இருந்து ரெண்டு சுத்து வெளிய வச்சு ஆரம்பிங்க. பத்து நிமிஷம் வண்டியை ஓட்டி நல்லா சூடாக்குங்க, ஆறின இஞ்சின்ல ட்யூன் பண்ணா எல்லாமே பொய். ஐடிலிங்கை கொஞ்சம் ஏத்திட்டு, மிக்ஸ்சர் ஸ்க்ரூவை கால் சுத்து திருப்பி பத்து எண்ணுங்க, அப்புறம் இன்னொரு கால் சுத்து. ஆர்.பி.எம். எங்க அதிகமா ஏறி சத்தம் சீரா வருதோ அந்த இடத்துல நிறுத்தி, ஸ்லோ ஸ்க்ரூவால ஐடிலிங்கை இறக்குங்க. இதையே இன்னொரு தடவை பண்ணுங்க. இஞ்சின் பக்க ஸ்க்ரூ மூணு சுத்துக்கு மேல போனாத்தான் நல்லா ஓடுதுன்னா பைலட் ஜெட் சின்னதா இருக்கு இல்ல இன்னும் அடைச்சிருக்கு. ஒரு சுத்துக்குள்ளயே சரியாகுதுன்னா ஜெட் பெருசு. ஏர் ஸ்க்ரூவா இருந்தா இதைத் தலைகீழா எடுத்துக்கோங்க.

ஊசியும் மெயின் ஜெட்டும்

இதெல்லாம் த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர்) கால்வாசி திறக்கற வரைக்கும்தான். கால்ல இருந்து முக்கால் வரைக்கும் ஊசியோட (ப்ளோட் ஊசி இல்ல, த்ராட்டிலோட மேல ஏறி இறங்கற ஸ்லைடுல தொங்கற நீள ஊசி) ராஜ்ஜியம், அதுக்கு மேல மெயின் ஜெட். எங்க தடுமாறுதுன்னு ஞாபகத்துல வச்சு சொல்றது நம்பிக்கையில்ல, அதனால கைப்பிடியில ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி கால், அரை, முக்கால்னு பேனாவால கோடு போட்டுட்டு ஓட்டினேன். அரைக்கோட்டுல இழுக்காம தயங்குதுன்னா ஊசியில இருக்கற க்ளிப்பை ஒரு காடி (ஊசியில இருக்கற வெட்டு) கீழ இறக்குங்க, ஊசி மேல ஏறும், பெட்ரோல் கூடும். கறுப்புப் புகையோட மந்தமா இருந்தா க்ளிப்பை மேல ஏத்துங்க. எல்லா ஊசியிலயும் காடி இருக்காது, பல புது மாடல்ல ஒரே இடம்தான்.

ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், ஃபில்டர் போட்டவங்க மெயின் ஜெட்டை ஒரே ஒரு சைஸ் மட்டும் ஏத்தி, ஓட்டி, பிளக் பாருங்க. வெளிர் பழுப்பு சரி, கரி படிஞ்சா ரிச், வெள்ளையா வெளுத்திருந்தா லீன், அப்படியே வேகமா ஓட்டாதீங்க, டூ ஸ்ட்ரோக்ல பிஸ்டன் பிடிச்சுடும். பழைய ஜெட்டை ட்ரில் போட்டு பெருசாக்கறதை நான் ஒத்துக்கவே மாட்டேன், உள்ள வழவழப்பு போயிடும், அளவும் தெரியாது. கெய்ஹின், மிக்குனி ரெண்டும் கார்ப்பரேட்டர் கம்பெனிங்க; கெய்ஹின் ஜெட் நம்பரையும் மிக்குனி ஜெட் நம்பரையும் ஒண்ணுன்னு நினைச்சு வாங்காதீங்க, ரெண்டோட கணக்கும் வேற.

பின்னாடி சேர்த்தது

இந்தப் பதிவைப் படிச்சுட்டு கேட்டவங்கள்ல பாதி பேருக்கு மிக்ஸ்சர் ஸ்க்ரூவே கண்ணுல படலையாம். சில கார்ப்பரேட்டர்ல அதுமேல ஒரு பித்தளை மூடி அடிச்சிருப்பாங்க. மூடி மெல்லிசு, ஸ்க்ரூ தலை உடனே பின்னாடி இருக்கு, அதனால சின்ன ட்ரில் பிட் வச்சு கையால மெதுவா, மூடி ஓட்டையானதும் நிறுத்தி, ஒரு ஸ்க்ரூவை அதுல திருகி இழுத்து எடுக்கணும்.

மாட்டின உடனே அடியில பெட்ரோல் சொட்டுதுன்னு ஒருத்தர். ட்ரெயின் முனையில ஒரு ட்ரான்ஸ்பரன்ட் டியூப் மாட்டி மேல தூக்கிப் பிடிச்சு ட்ரெயின் ஸ்க்ரூவைத் திறக்கச் சொன்னேன், டியூப்ல பெட்ரோல் மட்டம் கிண்ணத்தோட விளிம்பைத் தாண்டி நின்னுது. ஊசி உக்கார்ற இடத்துல தூசி, துடைச்சதும் மட்டம் இறங்கிடுச்சு.

சி.வி. கார்ப்பரேட்டர்ல (ஸ்லைடை கேபிள் இழுக்காம, டயாஃப்ரம் தூக்கற வகை) மூடி போடும்போது ரப்பர் ஓரம் காடியில உக்காராம நசுங்கினா பிக்கப்பே வராது. மூடியப்புறம் விரலால ஸ்லைடைத் தூக்கி விட்டுப் பாருங்க, மெதுவா இறங்கணும். டப்புன்னு விழுந்தா மூடியைத் திறந்து ரப்பரை வெளிச்சத்துல பிடிச்சு ஓட்டை இருக்கான்னு பாருங்க.