போபால் பழங்குடியினர் அருங்காட்சியகம்: பிள்ளைகளோடு போனால்

போபால் ஷ்யாம்லா ஹில்ஸில் 2013-ல் திறக்கப்பட்ட பழங்குடியினர் அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. எல்லாக் கூடங்களையும் ஒரே மூச்சில் சுற்றினால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். கோண்டு, பீல் என்ற இரு பழங்குடியினரின் ஓவியங்களை மட்டும் நிதானமாகக் காட்டினாலே போதும். பீல் ஓவியத்தில் உருவத்தை நிரப்புவது புள்ளி. கோண்டில் கோடு, பிறை, செதில் என ஓவியருக்கு ஓவியர் மாறும். அவரவர் கையெழுத்து மாதிரி. அதனால் அதை அப்படியே காப்பியடிக்கச் சொல்லாமல், பிள்ளையையே சொந்தமாக ஒரு வடிவம் யோசிக்கச் சொல்லுங்கள்.

அறைக்குத் திரும்பியதும் கெட்டித் தாளில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மான் வரைந்து, போஸ்டர் கலர் ஒன்றைச் சீராகப் பூசுங்கள். அரை மணி நேரம் காய வேண்டும். கோண்டு மாதிரி கோடு போட ஈரத்தில் ஜெல் பேனா வைத்தால் மை கசியும், முனையும் அடைத்துக்கொள்ளும்.

புள்ளிக்குத் தீக்குச்சியின் மருந்தில்லாத முனை நல்லது. வண்ணம் கெட்டித் தயிர் பதத்தில் இருக்கட்டும்; நீர்த்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். மூன்று புள்ளிக்கு ஒருமுறை தோய்க்காவிட்டால் வரவரச் சிறுத்துப்போகும். விளிம்பிலிருந்து உள்நோக்கி வைத்தால், பொறுமை பாதியில் தீர்ந்தாலும் உருவம் தெளிவாக நிற்கும்.

இலை கட்டி, முகத்தில் சாயம் பூசி 'ஆதிவாசி வேஷம்' போடுவதெல்லாம் வேண்டவே வேண்டாம்.