டிவைஸ் சர்வர் வாங்கும் முன் மோட்பஸைப் பாருங்கள்

பழைய எனர்ஜி மீட்டரையோ பிஎல்சியையோ (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைக் கணினி) ஈதர்நெட்டில் சேர்க்க டிவைஸ் சர்வர் (சீரியல் போர்ட்டை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி) வாங்கப் போகிறீர்களா? முதலில் கருவியின் போர்ட் ஆர்எஸ்-232 வகையா, ஆர்எஸ்-485 வகையா என்று மேனுவலில் பாருங்கள். முன்னதற்குக் கேபிள் நீளம் சுமார் 15 மீட்டர்தான் கணக்கு. பின்னது குறைந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை போகும்.

அப்புறம் பலர் கவனிக்காமல் விடுவது, தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் மொழியான மோட்பஸ். சாதாரண டிவைஸ் சர்வர் வரும் பைட்டுகளை அப்படியே கடத்தும், அவ்வளவுதான். ஸ்காடா (கருவிகளைக் கண்காணிக்கும் மென்பொருள்) நெட்வொர்க் வடிவமான மோட்பஸ் டிசிபியில் கேட்டு, மீட்டர் சீரியல் வடிவமான மோட்பஸ் ஆர்டியூவில் பதில் சொன்னால், நடுவில் மாற்றித் தரும் கேட்வே வசதி கட்டாயம் வேண்டும். மென்பொருளுக்கு காம் போர்ட் (கணினியின் சீரியல் போர்ட்) மட்டுமே தெரியும் என்றால், நெட்வொர்க் இணைப்பை காம் போர்ட்டாகக் காட்டும் விர்ச்சுவல் காம் டிரைவர் உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு உண்டா என்று கேளுங்கள்.

மோட்டார், டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பக்கத்தில் வைப்பதென்றால் விலை கூடினாலும் ஐசொலேஷன் (மின்சுற்றுகளைப் பிரித்து வைக்கும் பாதுகாப்பு) உள்ள மாடலையே எடுங்கள்.